அடுப்பில் எரியும் உரம்

எரிசக்தியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று சொன்னவுடன் விளக்கை அணைப்பதும் மின்விசிறியை நிறுத்துவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை நல்ல பழக்கங்களே. ஆனால் சிறு விவசாயியின் வீட்டில் அதிக எரிசக்தி செலவாகும் இடம் சமையலறை. அங்கு எரிவது விறகும், பருத்திமாரும், தென்னை மட்டையும், பல வீடுகளில் மாட்டுச் சாண வறட்டியும் ஆகும். சமையல் எரிவாயு சிலிண்டர் வந்த பிறகும், வெந்நீர் போடவும், மாட்டுக்குத் தவிடு காய்ச்சவும், நெல் அவிக்கவும் பழைய அடுப்பே எரிகிறது. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கப் பணம் புரளாத நாட்களில் முழுச் சமையலும் அதில்தான் நடக்கிறது.

இந்த அடுப்பைச் சீர்திருத்தினால் விறகு மிச்சமாகும், மரம் தப்பும், பெண்களின் நெஞ்சும் கண்ணும் தப்பும். சாணம் எரிக்கும் வீடாக இருந்தால் நிலத்துக்குப் போக வேண்டிய உரமும் தப்பும். அது எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

வறட்டியின் கணக்கு

நாட்டு மாடு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் போடும். எருமை 15 கிலோ வரை போடும். இரண்டு, மூன்று மாடுகள் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் சேரும் என்று வைத்துக்கொள்வோம். ஈரச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே 25 கிலோ சாணத்தைத் தட்டிக் காய வைத்தால் கிடைப்பது சுமார் 5 கிலோ வறட்டிதான். அதைச் சாதாரண அடுப்பில் எரிக்கும்போது பத்தில் ஒரு பங்கு சூடே பாத்திரத்தில் சேருகிறது. மீதி ஒன்பது பங்கும் புகையோடும் காற்றோடும் போய்விடுகிறது.

இதே 25 கிலோ சாணத்தைச் சாண எரிவாயுக் கலனில் இட்டால் சுமார் ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். வாயு அடுப்பு, வாயுவில் உள்ள சூட்டில் பாதிக்கு மேல் பாத்திரத்தில் சேர்க்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், வறட்டியாக எரித்துப் பெறும் சமையலைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான சமையல் அதே சாணத்திலிருந்து கிடைக்கிறது.

அதைவிட முக்கியமானது உரம். ஈரச் சாணத்தில் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை தழைச்சத்து உண்டு. நாளுக்கு 25 கிலோ என்றால் ஆண்டுக்கு 9 டன் சாணம். அதில் உள்ள தழைச்சத்து 27 கிலோவுக்குக் குறையாது. யூரியாவாகக் கணக்கிட்டால் 58 கிலோவுக்கு மேல். அதாவது 45 கிலோ மூட்டை ஒன்றும், அதற்கு மேலும். இந்தத் தழைச்சத்து முழுவதும் பயிருக்கு ஒரே பருவத்தில் கிடைத்துவிடாது என்பது உண்மை. ஆனால் வறட்டியாக எரித்தால் ஒரு கிலோ கூட மிஞ்சாது. சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஓரளவு தங்கும். தழைச்சத்தும், மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்குப் பொருளும் அடியோடு அழிந்துவிடும். எரிவாயுக் கலனிலோ வாயுவைப் பெற்ற பிறகும் தழைச்சத்து கழிவுக் குழம்பில் அப்படியே இருக்கிறது. சோறும் வெந்தது, உரமும் மிஞ்சியது என்பதுதான் இதன் சிறப்பு.

புகை தரும் நோய்

என் தாயார் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். பீடி, சுருட்டின் வாடையே அறியாதவர். கடைசிக் காலத்தில் அவருக்கு வந்த மூச்சிரைப்பு, நாள்பட்ட புகைபிடிப்பவர்களுக்கு வருகின்ற அதே நுரையீரல் நோய் என்று மருத்துவர் சொன்னபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. இன்று அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விறகும் வறட்டியும் எரியும்போது எழும் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உள்ளன. அவை நுரையீரலின் அடிவரை சென்று தங்குகின்றன. நாள்பட்ட மூச்சிரைப்பு, இதய நோய், கண்புரை, சிறு குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றுக்கு இப்புகை காரணமாகிறது. வீட்டுக்குள் எழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அடுப்பங்கரையில் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. எனவே அடுப்பைப் பற்றிய முடிவு, வீட்டில் உள்ள அனைவரின் உடல்நலத்தைப் பற்றிய முடிவும் ஆகும்.

எரிவாயு உண்டாகும் விதம்

மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் சாணத்தோடு வெளியே வருகின்றன. இட்லி மாவு புளிப்பதுபோல், காற்றுப் புகாத தொட்டியில் சாணமும் நீரும் இருந்தால் இந்த நுண்ணுயிர்கள் பெருகி சாணத்தைச் செரிக்கச் செய்கின்றன. அப்போது வெளிவரும் வாயுவில் 55 முதல் 65 சதவீதம் வரை மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. மீத்தேன்தான் எரிவது.

நம் நாட்டில் காதி கிராமத் தொழில் ஆணையம் 1960-களின் தொடக்கத்திலிருந்தே இக்கலன்களைப் பரப்பி வந்தது. அந்த மாதிரியில் இரும்பு டிரம் ஒன்று தொட்டியின் மேல் மிதக்கும். வாயு சேரச் சேர டிரம் உயரும், செலவாகும்போது இறங்கும். டிரம் துருப்பிடிக்காமல் ஆண்டுக்கு ஒரு முறை வர்ணம் பூச வேண்டும். 1984-இல் வந்த தீனபந்து மாதிரியில் இரும்பு டிரம் கிடையாது. செங்கல்லாலும் சிமெண்டாலும் பூமிக்குள் கவிழ்த்த கிண்ணம்போல் கட்டப்படுகிறது. சேரும் வாயு, குழம்பை வெளித்தொட்டிக்குத் தள்ளும். அடுப்பைத் திறந்ததும் குழம்பு உள்ளே திரும்பி வாயுவை அடுப்புக்குத் தள்ளும். செலவும் குறைவு, துருவும் இல்லை. ஆனால் கூரையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு தங்காது. ஆகையால் இதில் பயிற்சி பெற்ற கொத்தனாரைக் கொண்டே கட்ட வேண்டும்.

எந்த அளவு பொருந்தும்?

ஓர் ஆளின் சமையலுக்கு நாளொன்றுக்கு கால் கன மீட்டர் முதல் 0.3 கன மீட்டர் வரை வாயு தேவை. அதன்படி ஒரு கன மீட்டர் கலன் 3 முதல் 4 பேர் உள்ள குடும்பத்துக்குப் போதும். அதற்கு நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். 2 கன மீட்டர் கலன் 5 முதல் 8 பேருக்கு ஆகும். அதற்கு 50 கிலோ சாணம், அதாவது 4 அல்லது 5 மாடுகள் தேவை.

மாடு மேய்ச்சலுக்குப் போனால் பாதிச் சாணம் மேய்ச்சல் காட்டிலேயே விழுந்துவிடும். எனவே மாட்டின் தலையை எண்ணி அளவை முடிவு செய்யக் கூடாது. ஒரு வாரம் தொழுவத்தில் கிடைக்கும் சாணத்தை நிறுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கலன் பெரிதாகவும் சாணம் குறைவாகவும் இருப்பதே பல கலன்கள் தூங்கிப் போவதற்குக் காரணம்.

ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ 0.43 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். அப்படியானால் ஒரு கன மீட்டர் கலன் ஒழுங்காக ஓடினால் மாதத்துக்கு 13 கிலோ, அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சற்றே குறைவான வாயு கிடைக்கிறது. விறகு எரிக்கும் வீடானால் நாளொன்றுக்கு மூன்றரைக் கிலோ, ஆண்டுக்கு ஒன்றேகால் டன் விறகு மிச்சம். மார்கழி, தை மாதங்களில் குளிரினால் வாயு சற்றுக் குறையும். அதற்காகக் கலனில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

இடமும் முதல் நிரப்பும்

கலன் தொழுவத்துக்கும் சமையலறைக்கும் அருகில், வெயில் விழும் மேட்டு நிலத்தில் அமைய வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியிருக்கட்டும். பெரிய மரத்தின் வேர் ஓடும் இடம் கூடாது. வேர் சுவரைப் பிளந்துவிடும்.

ஒரு கன மீட்டர் கலனை முதல் முறை நிரப்ப ஏறத்தாழ 1 டன் சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். கட்டட வேலை நடக்கும்போதே சாணத்தை நிழலில் சேர்த்து, காயாமல் நீர் தெளித்து வாருங்கள். அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து சில வாளி குழம்பு கொண்டுவந்து ஊற்றினால் உறை மோர் விட்டதுபோல் விரைவில் வாயு பிடிக்கும். முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைக் கொளுத்திப் பார்க்காமல் வெளியே விட்டுவிட வேண்டும்.

ஒரு சிறு குழாயை மறந்த கதை

பணியில் சேர்ந்த புதிதில், 1990-களின் கடைசியில், ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு விவசாயியை வற்புறுத்தித் தீனபந்து கலன் கட்ட வைத்தேன். நீலச் சுடர் எரிந்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவ்வழியே போனபோது கலனின் மேல் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. சுவரெங்கும் வறட்டி தட்டியிருந்தது. மூன்றே மாதத்தில் சுடர் துள்ளித் துள்ளி எரிந்து, பின் அணைந்துவிட்டதாம். வாயு வரவில்லை என்று சாணம் கரைப்பதையும் விட்டுவிட்டார்கள்.

பார்த்தபோது கோளாறு மிகச் சிறியது. வாயுவோடு வரும் நீராவி குழாயில் குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அது வழியை அடைத்துவிடும். அதை வடிப்பதற்காகக் குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு நீர்வடி குழாய் வைத்திருந்தோம். வாரம் ஒரு முறை அதைத் திறந்து மூடினால் போதும். அதை யாரும் திறக்கவே இல்லை.

“ஏனுங்க சார், எல்லாமும் அவருகிட்டத்தான சொன்னீங்க. அடுப்புப் பத்த வெக்கிறது நானுங்களே” என்றார் அந்த வீட்டு அம்மாள்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. பயிற்சிக்கு வீட்டுக்காரரை அழைத்தேன். கையெழுத்து அவரிடம் வாங்கினேன். விளக்கமும் அவருக்கே சொன்னேன். சாணம் அள்ளுபவரும் கரைப்பவரும் சமைப்பவரும் அந்த அம்மாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

இறுகிப்போன குழம்பை, ஆள் உள்ளே இறங்காமல், நீர் ஊற்றிக் கலக்கி வெளிவாய் வழியாக அகற்றினோம். இம்முறை எல்லாவற்றையும் அந்த அம்மாளின் கையாலேயே செய்யச் சொன்னேன். பிறகு அக்கலன் நிற்கவில்லை. இன்று அவ்வீட்டில் மாடுகள் இரண்டாகக் குறைந்துவிட்டன. காலைச் சமையலும் வெந்நீரும் சாண வாயுவில், மற்றவை சிலிண்டரில் நடக்கின்றன. இப்படி இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் சிக்கனமே.

கலன் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

1. நாள்தோறும் புதுச் சாணத்தையும் சம அளவு தண்ணீரையும் கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். கல், மண், வைக்கோல் சேரக் கூடாது.

2. சோப்புத் தண்ணீர், பினாயில், பூச்சிமருந்து கழுவிய நீர் ஆகியவை ஒரு சொட்டும் கலனுக்குள் போகக் கூடாது. அவை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மாட்டுக்கு மருந்து கொடுத்த நாட்களின் சாணத்தை எருக்குழியில் போடுவது நல்லது.

3. குழம்பின் மேல் ஆடை கட்டாமலிருக்க, உள்வாய் வழியாக மூங்கில் கழியை விட்டு நாள்தோறும் சிறிது நேரம் கலக்க வேண்டும். டிரம் உள்ள கலனில் டிரம்மைச் சுற்றிவிட வேண்டும்.

4. நீர்வடி குழாயை வாரம் ஒரு முறை திறந்து தண்ணீரை வடித்து மூட வேண்டும்.

5. சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் அடுப்பின் காற்றுத் துளையைச் சரிசெய்யவும்.

6. கசிவைச் சோப்பு நுரை தடவிக் கண்டறியவும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

7. எக்காரணம் கொண்டும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு இராது. காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மயங்கி விழுந்து உயிரிழக்க நேரும்.

8. வாயு மிஞ்சினால் காற்றில் திறந்துவிடாமல் வெந்நீர் போட்டோ மாட்டுத் தீவனம் காய்ச்சியோ செலவிடவும். எரியாமல் காற்றில் கலக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும். கசியும் கலன் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யாது.

கழிவுக் குழம்பை வீணாக்காதீர்

கலனிலிருந்து வெளிவரும் குழம்பில் நாற்றம் இராது, ஈ மொய்க்காது. களை விதைகளில் பெரும்பகுதி முளைப்புத் திறனை இழந்திருக்கும். இதைப் பாசன நீரோடு வாய்க்காலில் கலந்து விடலாம். அவ்வாறு செய்யும்போது தழைச்சத்து அதிகமாகப் பயிருக்குச் சேரும். தோட்டம் தூரத்தில் இருந்தால் இரண்டு குழிகள் வெட்டி, காய்ந்த இலை, சருகு, தாள் இவற்றைப் பரப்பி, அவற்றின் மேல் குழம்பை விட்டு மக்கச் செய்யலாம். ஒரு குழி நிறைந்ததும் மற்றதுக்கு மாற்ற வேண்டும். வெறும் வெயிலில் பரப்பிக் காய வைத்தால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஒரு கன மீட்டர் கலனிலிருந்து ஆண்டுக்கு, காய்ந்த எடையில், ஒரு டன்னுக்கு மேல் உரம் கிடைக்கும். சருகு சேர்த்து மக்க வைத்தால் இன்னும் பெருகும்.

மாடு குறைந்தவர்கள் என்ன செய்யலாம்?

ஒரு மாடு உள்ளவர்களும் மாடே இல்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. இருக்கும் அடுப்பிலேயே பாதி சிக்கனம் நம் கையில் உள்ளது.

விறகு காய்ந்திருக்க வேண்டும். அப்போது வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே விறகின் சூடு செலவாகிறது, புகையும் பெருகுகிறது. கோடையிலேயே மெல்லிசாகப் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கி வையுங்கள்.

கொதி வந்ததும் தீயைத் தணியுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு எவ்வளவு தீ எரித்தாலும் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் பருப்பு வேகும் நேரம் ஒன்றே. கூடுதல் தீ முழுவதும் ஆவியாகப் போகிறது. பாத்திரத்தை மூடியே சமைக்க வேண்டும். பருப்பு, பயறு, கொண்டைக்கடலையை ஊற வைத்து வேக வைத்தால் பாதி வேலை அடுப்புக்கு வெளியிலேயே முடிந்துவிடும். குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாவதால் விரைவில் வேகிறது.

நம்மிடம் வைக்கோல் இருக்கிறது. பெரிய கூடையிலோ மரப்பெட்டியிலோ அடியிலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வைக்கோலைத் திணித்து, நடுவில் பானை அமரும் குழி செய்யுங்கள். அளவான நீரில் அரிசி ஐந்து நிமிடம் கொதித்ததும் மூடியோடு அதில் இறக்கி, மேலே வைக்கோல் அடைத்த சாக்கை அழுத்தி வையுங்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உள்சூட்டிலேயே சோறு வெந்துவிடும். வெந்ததைச் சூடாகவே பரிமாறுங்கள். ஆறிய உணவை நெடுநேரம் கூடையில் விடக் கூடாது.

விறகடுப்பை விட முடியாத வீட்டில், புகைக்குழாயுடன் கூடிய புகையில்லா அடுப்பு அமைக்கலாம். ஒரு வாயில் தீ எரிய, இரண்டாம் கண்ணில் வெந்நீர் காயும். புகைக்குழாய் கூரைக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறை கரியைத் தட்டி எடுக்க வேண்டும். 1980-களில் அரசுத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் இலட்சக்கணக்கில் அமைத்த புகையில்லா அடுப்புகள் பல இடங்களில் கைவிடப்பட்டதற்கு, கரி அடைத்த குழாயும் பழுது பார்க்க ஆளில்லாததும் முக்கிய காரணங்கள். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின்கீழ் சிலிண்டர் இணைப்பு பெற்ற வீடுகள், அதைப் பண்டிகை நாளுக்கென்று ஒதுக்காமல், புகை அதிகம் சூழும் மழைக்காலத்திலாவது முழுமையாகப் பயன்படுத்துவது நல்லது.

கலன் அமைக்க விரும்புவோர் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்திலோ அணுகி நடப்பு ஆண்டின் மானிய விவரத்தைக் கேட்டறியலாம். மானிய அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். போகும்போது வீட்டில் அடுப்பெரிப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும். செயல் விளக்கத்தின்போது குழாயை அவரே திறந்து மூடிப் பழகட்டும். அடுத்த கோடைக்குள் உங்கள் வீட்டுச் சுவரில் வறட்டி தட்டுவது நின்று, அந்தச் சாணம் அடுப்பையும் எரித்து வயலுக்கும் போய்ச் சேர வேண்டும்.